அளந்து ஊற்றிய பெட்ரோல்

பெட்ரோலின் வாசம் மாறிவிட்டது. பங்கில் வண்டியின் மூடியைத் திறந்ததும் முன்பெல்லாம் குப்பென்று மூக்கில் ஏறும் அந்த வாசத்தோடு, இப்போது ஸ்பிரிட் நெடியும் லேசாகக் கலந்து வருகிறது. நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால். 2023 பிப்ரவரியில் சில ஊர்களில், சில பங்குகளில் தொடங்கிய இ-20 பெட்ரோல், 2025-க்குள் நாடு முழுவதும் வந்துவிட்டது. ஊருக்கே பெட்ரோல் காய்ச்சித் தரும் மணலியின் பக்கத்தில் வளர்ந்தவனுக்கு இந்த மாற்றம் சட்டென்று தெரிகிறது. தெரிந்த கையோடு அப்பாவின் பம்பு கடையும், அக்கா மகனின் காரும், வீட்டு வேப்பமரத்தடியில் நாங்கள் செய்த அந்த வேலையும் வரிசையாக நினைவுக்கு வருகின்றன.

மணலி புதுநகருக்கு நாங்கள் குடிவந்தபோது பாதி மனைகளில் முள்ளுச்செடிதான் நின்றது. வடக்கே கொசஸ்தலை ஆறு, மேற்கே விச்சூர், தெற்கே ராத்திரியானால் வானத்தைச் சிவப்பாக்கும் ரிஃபைனரி நெருப்பு. 1965-ல் கம்பெனியாகப் பதிவாகி, 1969-ல் ஆண்டுக்கு 25 லட்சம் டன் கச்சா எண்ணெய் சுத்திகரிக்கும் அளவோடு ஓடத் தொடங்கிய ஆலை அது. 2000-ல் அதன் பெயர் மாறிவிட்டாலும், எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு அது இன்றைக்கும் எம்.ஆர்.எல். தான். தென்காற்று அடித்தால் எண்ணெய் வாசம் வீட்டுக்குள் வரும். அம்மா கொடியில் காயும் துணியை எடுத்து உள்ளே போடுவாள். அப்பாவோ மூக்கை ஒருமுறை உறிஞ்சிவிட்டு, இன்றைக்கு எந்தப் பிளாண்டில் என்ன வேலை நடக்கிறது என்று சொல்லப் பார்ப்பார்.

அப்பா டீசல் பம்பு மெக்கானிக். திருவொற்றியூரில் ஒரு சந்துக் கடையில் எடுபிடியாகச் சேர்ந்து, லேலண்ட் லாரிகளின் பம்புகளைக் கழற்றிக் கழுவியே தொழில் கற்றவர். பிறகு டி.பி.பி. ரோட்டோரம் தகரக் கொட்டகை போட்டுச் சொந்தக் கடை வைத்தார். 2001-ல் எண்ணூர்த் துறைமுகம் திறந்ததிலிருந்து லாரிகள் பெருகின. காட்டுப்பள்ளித் துறைமுகமும் வந்தபின் அந்த ரோட்டில் லாரி நிற்காத இடமே இல்லை என்றானது. அப்பாவின் கையிலிருந்து டீசல் வாசம் போன நாளே எனக்கு நினைவில்லை. தேங்காய் எண்ணெய் தேய்த்து, அரப்பு போட்டுக் குளித்து, சாப்பிட உட்கார்ந்தாலும் அது கூடவே வந்து உட்காரும்.

கடையில் எனக்கு மிகவும் பிடித்தது டெஸ்ட் பெஞ்ச். அரை ஆள் உயரத்தில் இரும்பு மேசை, ஒரு பக்கம் மோட்டார், முன்னால் வரிசையாக கண்ணாடிக் குழாய்கள். ஒவ்வொன்றிலும் அளவுக் கோடு போட்டிருக்கும். ஆறு சிலிண்டர் லாரியின் பம்பை மேலே ஏற்றி மோட்டாரைப் போட்டால், பம்புக்குள் இருக்கும் ஆறு பிளஞ்சர்களும் தங்கள் தங்கள் பங்கைத் தள்ளும். இருநூறு ஸ்ட்ரோக் ஓடியதும் பெஞ்ச் தானாகவே வெட்டிவிடும். அப்போது அப்பா குனிந்து, குழாய்களின் மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுபோய்ப் பார்ப்பார். ஒரு குழாயில் எண்ணெய் தாழ்ந்திருந்தால், பக்கவாட்டு மூடியைக் கழற்றி, அந்த பிளஞ்சரின் ஸ்லீவை ஒரு மயிரிழை திருப்புவார். திரும்ப ஓட்டுவார். ஆறும் ஒரே கோட்டில் நிற்கிற வரைக்கும் விடமாட்டார்.

“பந்தியில உக்காந்தவன் ஒருத்தனுக்குக் கரண்டி குறைஞ்சாலும் அது பந்தி இல்லடா” என்பார்.

அவருக்கு இதுதான் வேதம். லாரி எவ்வளவு இழுக்கிறது என்று டிரைவர் வந்து பெருமை பேசினால் அவர் காதில் வாங்கமாட்டார். ஆறும் சமமா என்பது ஒன்றுதான் அவர் கேட்கும் கேள்வி.

லாரிகளில் டர்போ பரவலாக வந்த காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. புகைக்குழாய் வழியாக வீணாக வெளியேறும் சூட்டுக்காற்றை வைத்து ஒரு சக்கரத்தைச் சுழற்றுவது, அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் சக்கரம் வெளிக்காற்றை எஞ்சினுக்குள் திணிப்பது. இவ்வளவுதான் டர்போ. காற்று கூடினால் கூடுதலாக எண்ணெய் எரிக்கலாம். ஆனால், காற்று வந்து சேர்வதற்கு முன்னாலேயே எண்ணெயைக் கொட்டினால் லாரி கரும்புகை கக்கும். அதற்காகவே டர்போ லாரிகளின் பம்பின் தலையில் ஒரு டயஃப்ரம் டப்பாவை வைத்தார்கள். டர்போ அழுத்தம் ஏறியதும் அந்த அழுத்தமே டயஃப்ரத்தை அழுத்தும். அப்போதுதான் பம்பு முழு எண்ணெயையும் விடும். புதிதாக வந்த அந்தப் பம்பை அப்பா முதலில் பிரித்துப்போட்டபோது, “காத்து வந்துச்சான்னு கேட்டுட்டு எண்ணெய் ஊத்துது பாரு, எவன் யோசிச்சானோ” என்று மாய்ந்து மாய்ந்து போனார்.

வேகத்தின் மீது எங்கள் வீட்டில் ஆசை வந்தது லாரியால் இல்லை, சோழவரத்தால். இரண்டாம் உலகப் போரில் விமானங்களுக்காகப் போட்ட ஓடுதளம் அது. போர் முடிந்து சும்மா கிடந்த அந்தக் கான்கிரீட்டில், 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ஆண்டுதோறும் ரேஸ் நடத்தியது. வெளியூர் பணக்காரர்களின் வெளிநாட்டுக் கார்களும், மெக்கானிக்குகள் தங்கள் கையாலேயே செதுக்கிய பைக்குகளும் ஒரே தளத்தில் ஓடிய காலம். அப்பா என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு கூட்டத்துக்குள் நிற்பார். பைக்குகள் கடந்து போனதும் காற்றில் விளக்கெண்ணெய் வாசம் நிற்கும். டூ-ஸ்ட்ரோக் ரேஸ் எஞ்சின்களுக்கு அந்நாளில் விளக்கெண்ணெய் கலந்த ஆயிலைத்தான் ஊற்றுவார்கள். கோயம்புத்தூர் கரிவரதன், மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை ஆள் ரேஸ் கார் கட்டினார் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அப்பா அவருடைய ரசிகர். “நம்ம ஊரு எஞ்சின்லயே ஓட்டுறாரு பாரு” என்று வருகிற லாரி டிரைவர்களிடமெல்லாம் சொல்லுவார். 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் ரேஸுக்கென்றே தனித்தடம் திறந்தபின் சோழவரம் ஓய்ந்தது. எங்களுக்கு அது தொலைவாகிப் போனதால் பார்ப்பதும் நின்றது.

நின்றுபோன அந்த ஆசையை மறுபடி வீட்டுக்குள் ஓட்டிக்கொண்டு வந்தவன் என் அக்கா மகன். 2015 வெள்ளத்துக்கு முந்தைய ஒரு கோடையில், செகண்ட் ஹேண்டில் ஒரு ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். வாங்கி வந்து வாசலில் நிறுத்தினான். 2004-ல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்த கார். 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், ஒரு சிலிண்டருக்கு ஐந்து வால்வு, கூடவே டர்போ, 150 குதிரைத் திறன். டர்போ வைத்த பெட்ரோல் கார் நம் ஊர்த் தெருவில் காணக் கிடைக்காத காலத்தில் வந்த வண்டி. முன்பு வைத்திருந்தவர், லேப்டாப்பைச் சொருகி எஞ்சின் கம்ப்யூட்டரின் மேப்பை மாற்றும் ஏதோ ஒரு கடையில் டர்போ அழுத்தத்தைக் கூட்டிவைத்திருந்தார். ஓட்டினால் முதுகு சீட்டோடு ஒட்டும். ஆனால் ஐயாயிரம் ஆர்.பி.எம். தாண்டினால் வண்டி வெட்டியது. எஞ்சினிலிருந்து மணியை வைத்துத் தட்டுவதுபோல டிக் டிக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

அப்பா பானெட்டில் கை வைத்து, கண்ணை மூடிக் கேட்டார்.

“பேராண்டி, காத்தை ஏத்திட்டானுங்க, எண்ணெய ஏத்தல” என்றார்.

“தாத்தா, டீசல் வண்டியில எண்ணெய் கூடுனாதானே சூடு? இதுல கொறஞ்சா நல்லதுதானே?” என்று கேட்டான் அவன்.

அந்தக் கேள்வி அப்பாவை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. அவருடைய வாழ்நாள் பாடம் அதுதான்: டீசலில் எண்ணெய் கூடினால் சூடு கூடும். பெட்ரோலில், அதுவும் டர்போ முழுவீச்சில் ஊதும்போது, கதை தலைகீழ். ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். முழு அழுத்தத்தில் ஓடும்போது காற்றை அந்தக் கணக்குக்கு விடாமல், ஏறக்குறைய 12-க்கு ஒன்று என்று பெட்ரோலைத் தாராளமாக விடுவார்கள். அந்த மிகுதிப் பெட்ரோல் ஆவியாகும்போது சிலிண்டருக்குள் இருக்கும் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். அது குறைந்தால், ஸ்பார்க் பிளக் பற்றவைத்த நெருப்பு பரவி முடிப்பதற்குள் மிச்சக் கலவை தானாகவே வெடிக்கும். நாங்கள் கேட்ட டிக் டிக் சத்தம் அந்த வெடிப்புதான். அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் பிஸ்டன் உருகும். அக்கா மகன் புத்தகத்தைப் படித்துச் சொல்லச் சொல்ல, அறுபதைத் தாண்டிய அப்பா தரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் புரிந்ததும் முகம் மலர்ந்து, “ரெண்டும் நெருப்புதான், ஆனா குணம் வேற” என்றார்.

பிறகு கணக்கு. அப்பா அதில் யாரையும் நம்பமாட்டார், தானே போட்டுப் பார்ப்பார். 150 குதிரைத் திறனுக்கு, முழு வேகத்தில் மணிக்குச் சுமார் 50 லிட்டர் பெட்ரோல் வேண்டும். அதையே 210 ஆக்கினால் 70 லிட்டர். பெட்ரோலைத் தெளிக்கும் நாலு இன்ஜெக்டருக்கும் அதைப் பங்கிட வேண்டும். அடுத்தது நேரம். எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்று ஓடும்போது ஒரு முழுச் சுழற்சிக்கு 20 மில்லி செகண்டுதான் கிடைக்கும். இன்ஜெக்டர் திறந்து மூட வேண்டியது அதற்குள். ஓய்வே இல்லாமல் திறந்தபடி வைத்தால் அளவு கைநழுவிப்போகும். அதனால் 16 மில்லி செகண்டுக்கு மேல் திறக்காமல் பார்த்துக்கொள்வது நல்லது. இந்தக் கணக்கில் ஒவ்வொரு இன்ஜெக்டரும் நிமிடத்துக்கு 365 சி.சி. விட வேண்டியிருந்தது. கம்பெனி போட்ட இன்ஜெக்டர் அந்த அளவைத் தராது. அழுத்தத்தை 3 பாரிலிருந்து 4 பாராக்கும் ரெகுலேட்டர் ஒன்றைப் போட்டால் போதுமென்று சிலர் சொன்னார்கள். அழுத்தம் மூன்றில் ஒரு பங்கு கூடினாலும் பெட்ரோல் 15 சதவீதம்தான் கூடும் என்று அப்பாவின் நோட்டு சொன்னது. ஆகவே இன்ஜெக்டரையே மாற்ற முடிவானது. இதே குடும்பத்து எஞ்சின் இருந்த ஆடி டிடி 225 காரின் 386 சி.சி. இன்ஜெக்டர்கள், டேங்குக்குள் மணிக்கு 255 லிட்டர் ரகத்து வால்ப்ரோ பம்பு. குழாய்களுக்கும் கிளிப்புகளுக்கும் புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் ஒரு நாள் முழுக்கச் சுற்றினோம். சாதாரண ரப்பர் குழாயைக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தபோது அப்பா அதை மடக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். இன்ஜெக்‌ஷன் அழுத்தத்தைத் தாங்கும் குழாய் என்று அச்சடித்ததைக் கண்ணால் பார்த்த பிறகே காசை எடுத்தார்.

வேலை நடந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீடு வேறு மாதிரி இருந்தது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கொட்டகைக்குள் செய்தால் தரையோடு தங்கிவிடும். அதனால் வண்டியை வேப்பமரத்தடியில் திறந்தவெளியில் நிறுத்தினோம். டேங்கில் பெட்ரோல் அடிமட்டத்துக்கு வரும்வரை அக்கா மகன் முந்தின நாளே ஓட்டி முடித்திருந்தான். அம்மா விடியற்காலையிலேயே சோறும் குழம்பும் வைத்து முடித்து, சிலிண்டர் வால்வை மூடி, சாமி விளக்கையும் மலையேற்றிவிட்டாள். “நீங்க மூடினேன்னு சொல்ற வரைக்கும் இந்த வீட்ல தீக்குச்சி உரசமாட்டேன்” என்றாள். எதிர் வீட்டுப் பெரியவர் ரிஃபைனரியில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஒரு உலர் பொடித் தீயணைப்பு சிலிண்டரையும், இரண்டு வாளி மணலையும், துணியில் சுற்றிய பித்தளைச் சுத்தியலையும் கொண்டுவந்து வைத்தார். இரும்போடு இரும்பு உரசினால் பொறி பறக்கும் என்பதால் ஆலைக்குள் பித்தளைக் கருவிகளைத்தான் கையாளுவார்களாம். அவர் கேட்டை ஒட்டி நாற்காலி போட்டு, வேலை முடியும்வரை யாரையும் செல்போனோடு உள்ளே விடவில்லை.

முதலில் அக்கா மகன் பம்பின் ஃபியூசைப் பிடுங்கிவிட்டு எஞ்சினை ஓடவிட்டான். அழுத்தம் இறங்கி எஞ்சின் தானே அணைந்தது. பிறகு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றினான். பின் சீட்டைத் தூக்கினால் அடியில் ஒரு வட்ட மூடி, அதற்குக் கீழே டேங்கின் வாயை இறுக்கியிருக்கும் பெரிய பிளாஸ்டிக் வளையம். பத்து வருட மண்ணைத் துணியால் துடைத்து எடுத்துவிட்டு, மரக்கட்டையை வளையத்தின் பல்லில் வைத்து பித்தளைச் சுத்தியலால் தட்டித் தட்டி நகர்த்தினான். தளர்ந்ததும் டேங்கின் வாசம் குப்பென்று எழுந்தது. பம்பைத் தூக்கும்போது ஒரு சொட்டுகூடத் தரையில் விழாமல் அப்பா அலுமினியத் தட்டை நகர்த்திக்கொண்டே இருந்தார். சிந்திய பெட்ரோலைத் துடைத்த துணியையும் மூடி போட்ட டப்பாவில்தான் போட்டார். அந்தக் கண்டிப்பின் மதிப்பு எனக்குப் பின்னால் இன்னும் ஆழமாகப் புரிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் கழிமுகம் கறுத்துப்போனது. மீனவர்கள் படகில் போய் வாளியால் அதை அள்ளியதைப் பார்த்தபோது, சொட்டு எண்ணெய்க்குத் தட்டு பிடித்த அப்பாவைத்தான் நினைத்தேன்.

மதியத்துக்குமேல் இன்ஜெக்டர்களின் முறை. வண்டியில் மாட்டுவதற்குமுன் அளந்தாக வேண்டும் என்று அப்பா ஒற்றைக்காலில் நின்றார். பெட்ரோலில் அளக்கக் கூடாது, பெஞ்சில் ஊற்றும் டெஸ்ட் ஆயிலில்தான் அளக்க வேண்டும் என்பதிலும் உறுதி. “அதோட பிசுக்கு வேற, இதோட பிசுக்கு வேற. சி.சி. கணக்கு சரியா வராது. ஆனா நாலும் சமமான்னு தெரிஞ்சுடும், அது போதும்.” பெஞ்சின் கண்ணாடிக் குழாய்களில் நாலைத் துடைத்து வரிசையாக வைத்தோம். அக்கா மகனின் நண்பன் கட்டிய சின்ன எலக்ட்ரானிக் பலகை இன்ஜெக்டர்களைத் திறந்து மூடியது. நாலு மூக்கிலிருந்தும் பனிப்புகை மாதிரி ஆயில் தெளித்தது. பழைய இன்ஜெக்டர்களை ஓட்டிப் பார்த்ததில் மூன்று குழாயில் ஒரே மட்டம், மூன்றாவது சிலிண்டருடையதில் மட்டும் ஒரு விரல் குறைவு. டிக் டிக்கென்ற சத்தம் எங்கிருந்து வந்தது என்று கோடு போட்டுக் காட்டியது கண்ணாடி. புது இன்ஜெக்டர்களை ஏற்றி ஓட்டினோம். அப்பா குனிந்து, கண்ணை மட்டத்துக்குக் கொண்டுபோய், வழக்கம்போல வெகு நேரம் பார்த்தார். நாலும் ஒரே கோட்டில் நின்றன. அக்கா மகன் தாத்தாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

பெரிய இன்ஜெக்டர் போட்டபின் பழைய மேப்பில் வண்டி ஓடாது. கம்ப்யூட்டருக்குப் புது அளவைச் சொல்லியாக வேண்டும். அதற்கு வைட்பேண்ட் சென்சார் ஒன்றைப் புகைக்குழாயில் மாட்டி, காற்றும் பெட்ரோலும் என்ன விகிதத்தில் எரிகின்றன என்று பார்த்துப் பார்த்துத் திருத்தினார்கள். முழுவீச்சு ஓட்டத்தை டி.பி.பி. ரோட்டில் பார்க்க அப்பா விடவில்லை. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே சைக்கிளில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் ரோடு அது. வண்டியை இருங்காட்டுக்கோட்டைக்குக் கொண்டுபோனோம். நேர்கோட்டில் முழுக்க மிதித்தபோது மீட்டர் 12-ஐ ஒட்டியே நின்றது, வெட்டவில்லை, தட்டவில்லை. சோழவரம் ஓய்ந்தபின் அப்பா மறுபடி ஒரு ரேஸ் தடத்தின் ஓரத்தில் நின்றது அன்றுதான். அவருக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை.

2015 டிசம்பரில் ஆறு புதுநகருக்குள் வந்தது. கொட்டகைக்குள் கழுத்தளவு தண்ணீர். பெஞ்சின் மோட்டார் போனது போனதுதான். அதற்கு முன்பிருந்தே தொழில் தேய்ந்துகொண்டிருந்தது. கம்ப்யூட்டரே எண்ணெய் அளவை வைக்கும் காமன் ரெயில் லாரிகள் வந்தபின் ஸ்லீவைத் திருப்பி அளவு வைக்கும் பம்புகள் குறைந்தன; கோளாறு என்றால் ஸ்கேனர் சொல்கிறது, பாகத்தை மாற்றுகிறார்கள். டி.பி.பி. ரோட்டில் ஒரு காலத்தில் கண்ணாடிக் குழாய் வரிசை இல்லாத பம்பு கடையே கிடையாது. இன்று அந்த பெஞ்சுகள் எடைக்குப் போய்விட்டன.

இப்போது அக்கா மகன் மறுபடியும் கணக்கு போடுகிறான். எத்தனால் கலந்த பெட்ரோலுக்குக் காற்று குறைவாகப் போதும், 14.7 என்பது இ-20-ல் ஏறக்குறைய 13.5 ஆகிறது. அதாவது அதே காற்றுக்குக் கூடுதலாகப் பெட்ரோல் ஊற்ற வேண்டும். அன்றைக்கு தாராளமாக இருந்த இன்ஜெக்டரில் இன்று மிச்சம் கொஞ்சம்தான். பழைய ரப்பர் குழாய்களையும் சீல்களையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுகிறான். எண்பதை நெருங்கும் அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடி, “அளந்தியா?” என்று மட்டும் கேட்கிறார்.

டர்போ வண்டி வாங்கும் பிள்ளைகள் இன்று புதுநகரிலும் எண்ணூரிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். லேப்டாப்பில் அழுத்தத்தைக் கூட்டுவது அரைமணி நேர வேலை. கூட்டியதற்குத் தக்க பெட்ரோல் போய்ச் சேர்கிறதா, நாலு சிலிண்டருக்கும் சமமாகச் சேர்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமை எங்கள் பக்கத்தில் பம்பு கடைகளிலும், ஆலை வேலையாட்களின் பித்தளைச் சுத்தியலிலும், அடுப்பணைத்துக் காத்திருந்த அம்மாக்களிடமும் இருந்தது. அதைச் சொல்லித்தர ஆட்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். வட சென்னையின் ஐ.டி.ஐ.களில் ஸ்கேனருக்குப் பக்கத்தில் கண்ணாடிக் குழாய் வைத்த ஒரு பெஞ்சையும் போட்டு, அந்தப் பெரியவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு நிறுத்தினால், ஒரு தலைமுறையின் கைத்தொழில் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேரும். அதற்கு ஆகும் செலவு அதிகமில்லை. செய்ய வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.